சிறுத்தைப் பல்லியின் விரதம்

வெளிநாடு புறப்பட்ட நண்பன் தான் வளர்த்த சிறுத்தைப் பல்லியை என்னிடம் தந்தான். உயிருள்ள பூச்சி மட்டுமே தின்னும் என்று சொல்லித்தான் தந்தான். நாரந்தனையில் எங்கள் வீடு சைவம். நானும் அக்காவும் கந்தசஷ்டி விரதம் வேறு தொடங்கியிருந்தோம். வாழைப்பழம் வைத்தேன். நாலு நாளாகியும் அது தொடவில்லை. கொழுப்பைச் சேர்த்துவைக்கும் தடித்த வால் மெலியத் தொடங்கியது.

ஐந்தாம் நாள் அக்கா வீட்டைச் சுற்றியுள்ள வளவுக்குள் போய், போத்தல் நிறைய வெட்டுக்கிளியோடு வந்தார். முட்டைகூடத் தொடாதவர்.

"அக்கா, விரதமெல்லோ?"

"விரதம் பிடிக்கிறது நாங்கள். அந்தச் சீவன் ஏன் பட்டினி கிடக்க வேணும்?"

பல்லி பாய்ந்து கவ்வியபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திண்டிட்டுதோ?"

"ஓம்."

"அப்ப இன்னொண்டு போடு, தம்பி."

இத்தனை வருடமும் நான் வயிற்றை மட்டுமே காயப்போட்டிருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது.