இடாப்பில் வாப்பாவின் பெயர்

யாழ்ப்பாணத்தில் எங்கள் பழைய வீட்டருகே வாக்களிக்கப் போனேன். சின்ன விரலில் பூசிய மையின் காரமான மணம் என்னைப் புத்தளம் அகதி முகாமுக்கு இழுத்துப் போனது.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு அங்கே ஓலைக் கொட்டிலில் இருந்தோம். ஒவ்வொரு தேர்தலுக்கும் வாப்பா வெள்ளைச் சாரம் உடுத்தி, அகதிகளுக்கென்று அங்கே வைத்த வாக்குச் சாவடிக்குப் போய், யாழ்ப்பாணத்து வேட்பாளர்களுக்கே வாக்களிப்பார். வென்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் முகாமை எட்டிப் பார்க்கவில்லை.

“வராதவங்களுக்கு ஏன் வாப்பா போடுறீங்கள்?”

“அவங்களுக்கில்லை மகள். எங்கடை பேர் ஊர் வாக்காளர் இடாப்பிலை இருக்கோணும்.”

புத்தளத்து மண்ணிலேயே அவர் அடக்கமானார்.

மை காயுமுன் இடாப்பு வைத்திருந்த அலுவலர் நிமிர்ந்தார். “உங்கடை பேருக்கு மேலை இருக்கிறது அப்பாவின்ரை பேரோ? அவர் வரேல்லையோ?”

வாப்பா மௌத்து என்றால் அவர் பேரை வெட்டிவிடுவார்கள்.

“வருத்தமாப் படுக்கையிலை கிடக்கிறார்” என்றேன்.