மலர்க்கொடி தட்டச்சிட்ட ஏழு விதிகள்

மலர்க்கொடிக்கு முப்பத்தோரு வயதில் வேலை போனது. காரணம் கேட்டவர்களிடம் "விளையாட்டுல தகராறு" என்றாள். யாரும் நம்பவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

1986-ல் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் காசிநாதன் நடத்திய தட்டச்சுப் பள்ளியில் அவள் டீச்சர். காசிநாதனுக்கு அரியலூர்ப் பக்கம் நிலபுலன் உண்டு. அந்த நிலத்தில் மலர்க்கொடியின் அப்பா பண்ணையாளாக இருந்தவர். இதை இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் மற்ற டீச்சர்களை "வாங்க" என்ற காசிநாதன் இவளை மட்டும் "வா, போ" என்றது எல்லோர் காதிலும் விழுந்தது.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் ஜபருல்லா. லப்பைக்குடிக்காட்டுக்காரர். சவுதியில் ஒன்பது வருஷம் டிரைவராக இருந்துவிட்டு வந்து, பள்ளிக்குக் கீழே காசிநாதனின் கட்டடத்திலேயே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். சவுதியில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஊர் திரும்பும்போது அவரிடம் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். உள்ளே இங்கிலீஷ் புத்தகங்கள், இருபது முகம் கொண்ட பகடை. காசிநாதனும் மலர்க்கொடியும் புத்தகத்தைப் படித்து ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பால் சொசைட்டி கிளார்க் பழனிவேலும் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், மூடிய பள்ளியில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

ஆட்டத்தைக் கதையாகச் சொல்லி நடத்துகிற கதைக்காரர் ஜபருல்லா. ரஞ்சன்குடிக் கோட்டையை மனசில் வைத்து அவர் ஒரு பாழுங்கோட்டை வரைந்திருந்தார். "எதிர்ல கெணறு. உள்ள படி எறங்குது. என்ன செய்றீங்க?" என்பார். மற்ற மூவருக்கும் அந்தக் கதைக்குள் தலைக்கு ஓர் ஆள்; அவன் என்ன செய்கிறான் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். ஜெயிக்க ஜெயிக்க ஆள் பலத்தில் அடுத்த படிக்கு ஏறுவான். பழனிவேலுடைய ஆள் திருடன், மலர்க்கொடியுடையவன் வாள்வீரன். பின்னால் யாருக்குப் பலம் கூடும் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை முதலிலேயே படித்துவிட்ட காசிநாதன் மந்திரவாதியை எடுத்துக்கொண்டார்.

முதல் மூன்று மாதம் மந்திரவாதி ஒரே அடிக்குச் சாகிற சோப்ளாங்கி. மலர்க்கொடியின் வாள்வீரன்தான் முன்னால் நின்று அவனுக்காக அடி வாங்கினான். ஐந்தாவது படியில் மந்திரவாதி நெருப்பு மந்திரம் கற்றான். அதன் பிறகு எட்டுப் பூதம் வந்தாலும் ஒரே மந்திரத்தில் சாம்பல். மலர்க்கொடியின் முறை வருவதற்குள் சண்டை முடிந்திருக்கும்.

"அப்ப என் ஆளு எதுக்குத்தான் இருக்கான், பாய்?" என்று ஒருநாள் கேட்டாள்.

பதில் சொன்னவர் காசிநாதன். "மூட்டை தூக்க."

பழனிவேல் சிரித்தான். ஜபருல்லாவும் சிரித்தார்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து மத்தியான இடைவேளையில், பகடையை இரவல் வாங்கி, வீணான தாள்களின் முதுகில் கணக்கெழுதி, மந்திரவாதியையும் வாள்வீரனையும் தனியாக மோதவிட்டாள். நூற்றுப் பத்து சண்டை. மூன்றாம் படிவரை ஜெயித்தது வாள்வீரன்; ஐந்திலிருந்து ஒரு தடவைகூட இல்லை. கோளாறு எங்கே என்று தெரிந்ததும் ஏழு விதிகளைத் தட்டச்சிட்டாள். மந்திரம் சொல்ல நேரம் ஆகும்; அதற்குள் அடி பட்டால் மந்திரம் கலையும். வாள்வீரனுக்கு ஐந்தாம் படியிலிருந்து இரண்டு வெட்டு. மந்திரவாதிக்கு ஆரம்பத்தில் கூடுதல் உயிர், எத்தனை தடவை சொன்னாலும் தீராத சின்ன நெருப்புப்பொறி மந்திரம் ஒன்று. திருடன் பின்னாலிருந்து குத்தினால் இரட்டைக் காயம்.

ஜபருல்லா படித்துவிட்டுத் தலையாட்டினார். காசிநாதன் தாளைக் கையில் வாங்கவில்லை.

"வெள்ளைக்காரன் அச்சடிச்சதை நீ திருத்துறியா?"

"சோதிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதினேன் சார். உங்க ஆளுக்கும் நல்லது செஞ்சிருக்கேன், படிச்சுப் பாருங்க."

"ஒரு வாரம் ஆடிப் பாப்பம் சார்" என்றார் ஜபருல்லா. கதைக்காரர் சொன்னால் சொன்னதுதான்.

அந்த ஞாயிறு, கோட்டையின் அடிக்கூடத்தில் எலும்புக்கூடு வில்லாளிகள். காசிநாதன் நெருப்பு மந்திரத்தை ஆரம்பித்தார். அம்பு பட்டது, மந்திரம் கலைந்தது.

"சார், என் பின்னால வந்துடுங்க. கேடயத்துல மறைச்சுக்கறேன். நீங்க நிம்மதியா மந்திரம் சொல்லலாம்" என்றாள் மலர்க்கொடி. உண்மையாகவே கூப்பிட்டாள்.

"உன் பின்னால நான் நிக்கணுமா?"

நிற்கவில்லை. வெட்டவெளியில் மறுபடி மந்திரம் சொன்னார். மூன்று அம்பு. ஏழு மாதம் வளர்த்த மந்திரவாதி செத்தான்.

காசிநாதன் பகடையை எடுத்து ஜன்னல் வழியாக ரோட்டில் வீசினார். "உங்கப்பன் எங்க களத்துல நெல்லு தூத்துனவன். நீ எனக்கு சட்டம் போடுறியா? நாளையிலேருந்து வராத."

"எங்கப்பாவை இழுக்காதீங்க. செத்தது உங்க மந்திரவாதி. நான் கூப்பிட்டேன், நீங்க வரல."

ஜபருல்லா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழனிவேல் பகடையைத் தேடுகிற சாக்கில் கீழே இறங்கிப் போனான். காசிநாதன் மேல் வந்த கோபத்தைவிட இந்த இரண்டு பேர் மேல் வந்த கோபம் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

வேறு இரண்டு பள்ளிகளில் கேட்டாள். "சண்டைக்காரி" என்று காசிநாதன் முன்பே சொல்லிவைத்திருந்தார். கடைசியில் அரியலூர் கோர்ட் வாசலில், முத்திரைத்தாள் விற்பவரின் தகரக் கொட்டகையில் ஒரு பழைய டைப் மெஷினோடு உட்கார்ந்தாள்.

நாலு மாதம் கழித்து ஒரு மனு அடிக்க பழனிவேல் வந்தான். வந்தவன் வாய் தவறிச் சொன்னான்: இன்னும் ஆடுகிறார்கள்.

"எந்த விதில?"

"உங்க விதிதான், டீச்சர். சார் திரும்ப அடிச்சு, மேல 'காசிநாதன் விதிகள்'னு போட்டிருக்காரு. இப்ப அவரு வாள்வீரன். ரெண்டு வெட்டு இருக்குல்ல."

மனுவைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு பஸ் ஏறிப் போய், சொல்லாமல் கொள்ளாமல் மாடியேறினாள். மேஜைமேல் கிடந்த தாளை எடுத்துப் படித்தாள்.

"என் பேரைப் போட்டு ஆடுங்க. இல்லேன்னா ஆடாதீங்க."

"பேப்பர் என்னுது, மெஷின் என்னுது. எறங்கு கீழ" என்றார் காசிநாதன்.

அவள் இறங்கவில்லை. "ரெண்டு வெட்டு அஞ்சாம் படியிலேருந்துன்னு எழுதினேன். இங்க மூணாம் படியிலேருந்துன்னு இருக்கு. திருடனோட இரட்டைக் காயத்தையே காணோம்." பழனிவேலைப் பார்த்தாள். "சார் வாள்வீரனுக்கு மாறினதுலேருந்து உங்க ஆளு ஏதாவது செஞ்சிருக்கானா?"

பழனிவேல் யோசித்தான். முகம் மாறியது. "இத நீங்க எங்ககிட்ட சொல்லவேயில்லையே சார்?"

காசிநாதன் கத்தினார். பழனிவேலும் கத்தினான். ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிற வரை போனது. ஜபருல்லா புத்தகங்களைப் பெட்டிக்குள் அடுக்கி, மலர்க்கொடியிடம் நீட்டினார்.

"வச்சுக்கம்மா. அன்னைக்கு நான் பேசியிருக்கணும்."

"ஆமா, பேசியிருக்கணும்" என்றாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் போகவுமில்லை.

அரியலூரில் இரண்டு பெண் குமாஸ்தாக்களைச் சேர்த்துக்கொண்டு, கோர்ட் விடுமுறை நாட்களில் ஆடினாள். விதிகள் பதினொன்றாகின. அந்தப் பெண்கள் எதிர்த்துக் கேட்டதில் நாலு விதிகளை அவள் மாற்றினாள். இரண்டில் மட்டும் பிடிவாதமாக நின்றாள்.

அடுத்த வருஷம் காசிநாதன் ஒரு நிலத் தகராறுக்காகக் கோர்ட்டுக்கு வந்தார். மற்ற மெஷின்களில் கூட்டம். அவள் முன்னால் வந்து நின்று, "மலரு, அவசரமா ஒண்ணு அடிக்கணும்" என்றார், நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

அவள் மெஷினிலிருந்து தாளை உருவி எடுத்து, புதுத் தாளைச் செருகி, அவருக்குப் பின்னால் நின்ற கிழவரைக் கூப்பிட்டாள். "நீங்க சொல்லுங்கய்யா, மனு யாரு பேர்ல?"

காசிநாதன் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். பிறகு அடுத்த கொட்டகைக்குப் போய் வரிசையில் சேர்ந்துகொண்டார்.