முப்பத்தொரு நிரை

நம்பாதவர்கள் இதை இத்தோடு விட்டுவிடலாம். 1984, ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை. மலேசியாவில், சுங்கை ஆயர் தாவார் பக்கம் எங்கள் தோட்டத்தில் நடந்தது. நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். பொய்யை எழுதுகிற அளவுக்கு எனக்குத் தெம்பில்லை.

அப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு உரம் போட ஒரு சின்ன விமானம் வரும். நான் ஓடுபாதையில் உர மூட்டை ஏற்றுகிறவன். என் தம்பி இருசப்பன் அரை மைல் தள்ளி, இளங்கன்றுக் காட்டில் கொடி பிடிக்கிறவன். நீள மூங்கிலில் வெள்ளைத் துணி. கொடி எந்த நிரையில், அதாவது எந்தக் கன்று வரிசையில், நிற்கிறதோ அந்த நிரையில் விமானம் உரம் கொட்டும். பைலட் முன்விளக்கை ஒரு தடவை காட்டினால் அடுத்த நிரைக்குப் போகவேண்டும். மூன்று தடவை காட்டினால் வேலை முடிந்தது. விளக்கு காட்டாமல் நகர்ந்தால் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அன்றைய பேரை வெட்டிவிடுவார், கூலி கிடையாது. ஒருமுறை பேர் வெட்டுப்பட்டதிலிருந்து தம்பி கல் மாதிரி நிற்பான்.

அன்று மாலை 5.40. விமானம் இறங்கியது. விளக்கு இல்லை, ரேடியோ இல்லை. வெள்ளைக்காரப் பைலட் மெக்கானிக் சேதுவிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சேது ரவாங் ஊர்ப் பையன்.

"ஆல்டர்னேட்டர் போச்சு அண்ணே. இஞ்சின் ஓடுறப்ப கரண்டு குடுக்குறதே அதான். பேட்டரியும் காலி."

"அப்ப வேலை முடிஞ்சதுன்னு தம்பிக்கு யாரு லைட் காட்டுறது?"

"தம்பி என்ன மாப்பிள்ளையா, விளக்கு காட்டி அழைச்சிட்டு வர? காட்டுவோம்லா. விமானம் அவன் பக்கம் பார்த்துதான் நிக்குது. நீங்க அவன கூப்பிடப் போயிட்டா சுவிட்ச யாரு போடுறது?"

நான் போயிருக்க வேண்டும். பைலட் இருக்கையில் உட்கார்ந்தேன்.

6.50. சேது ஆல்டர்னேட்டர் பெல்ட்டை அழுத்திப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. காற்றாடியைக் கையால் சுற்றி இஞ்சினைக் கிளப்பினான்.

"போடுங்க."

டக். விளக்கு எரியவில்லை. மீட்டர் முள் மைனஸ் பக்கமே கிடந்தது.

அப்போதுதான் பார்த்தேன். கன்றுகளுக்கு மேலே வெள்ளைத் துணி. எங்கள் பக்கமாக ஒரு நிரை நகர்ந்தது.

"சேது, தம்பி வர்றான்."

"லைட்டே எரியல. எதப் பார்த்து வர்றான்?"

7.05. பியூஸ் மாற்றினான். டக். எரியவில்லை. கொடி இன்னொரு நிரை வந்தது.

இஞ்சினை நிறுத்திவிட்டு சேது உள்ளே தலையை விட்டு வயர்களைத் தடவிக்கொண்டிருந்தான். நான் சும்மா சுவிட்சைத் தட்டினேன்.

டக். ஒரு நிரை.

டக். இன்னொன்று...

காற்றே இல்லை. ஓர் ஓலைகூட அசையவில்லை. ஆனால் துணி அடிக்கும் சத்தம்... பட்... பட்... பட்...

"டேய் இருசா."



தட்டத் தட்ட நிரை நிரையாக நகர்ந்து, கொடி ஓடுபாதை ஓரம் வந்து நின்றது. மூங்கிலுக்குக் கீழே இருட்டு. பிடித்திருந்த கை தெரியவில்லை.

7.20.

"வயரு அறுந்திருக்கு அண்ணே. கட்டிட்டேன்."

இஞ்சின் ஓடியது. முள் பிளஸ் பக்கம் ஏறியது.

"போடுங்க."

விரல் வரவில்லை.

"போடுங்கண்ணே."

டக்.

வெளிச்சம்...

யாருமில்லை.

சேது இஞ்சினை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன்.

பட்... பட்...

என் தலைக்குப் பின்னால்.

சேது கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. அவனுக்கும் கேட்டிருக்கிறது.

டார்ச் எடுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடினோம். 8.10க்குத் தம்பியைக் கண்டோம். முதல் நிரையிலேயே குப்புறக் கிடந்தான். விறைத்துப் போயிருந்தான். கணுக்காலில் பாம்பின் இரண்டு பல் தடம். விரல்களைப் பிரிக்க முடியவில்லை. மூங்கிலோடுதான் தூக்கி வந்தோம்.

மறுநாள் பைலட் சொன்னதைச் சேது எனக்குத் தமிழில் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"முதல் நிரை முடியறப்பவே லைட் செத்துருச்சாம் அண்ணே. அதுக்கப்புறம் ஒரு தடவகூட காட்டலயாம். ஆனா கொடி சரியா நகர்ந்துச்சாம். முப்பத்தொரு நிரை."

மண்டோர் அப்பளசாமியோடு காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முப்பத்தொரு நிரையிலும் உரம் கிடந்தது. ஒவ்வொரு நிரை முனையிலும் மூங்கில் ஊன்றிய குழி இருந்தது.

கால்தடம் முதல் நிரையில் மட்டும்தான். ஒரே இடத்தில் மாறி மாறி மிதித்து, மண் கணுக்கால் ஆழத்துக்குக் குழிந்திருந்தது.