வெள்ளவத்தை ஸ்டேஷனும் நான் விட்ட வரியும்

அக்கா வீட்டுக் கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகிற வாசலில், இடுப்பு உயரத்தில் ஒரு பலகை குறுக்காகக் கிடக்கும். ஒரு பக்கத்தில் பிணைச்சல் பூட்டியிருக்கும். அதைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே போகவேண்டும், போனபின் மறக்காமல் இறக்கிவிடவேண்டும். பலகையின் மேல் பொம்மை ரயிலுக்கு இரண்டு சோடித் தண்டவாளங்கள். ஐஸ்பழக் குச்சியைச் சீவி ஒட்டிய சிலிப்பர் கட்டைகள். ரயில் ஓடுகிற நேரமென்றால் அக்கா துவைத்த உடுப்புக் கூடையோடு இந்தப் பக்கம் நின்று, "நான் வரலாமோ, கேற் பூட்டியிருக்கோ?" என்று கேட்பா. அத்தான் சிரிக்காமல் ஒரு சின்ன விளக்கைப் பச்சைக்கு மாற்றிக் காட்டுவார்.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் எனக்குத் தட்டெழுத்தாளர் வேலை கிடைத்தபோது, பெண்பிள்ளை தனியே லொட்ஜில் அறை தேடவேண்டாம் என்று சொல்லித் தங்களோடு இருத்திக்கொண்டவர் அவர்தான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் மாடி வீடு. பிள்ளைகள் இல்லை. இருந்த ஒரே அறையில் அவர்கள் படுத்தார்கள், கூடத்தில் எனக்கொரு கட்டில். மிச்ச இடமெல்லாம் ரயில்வேக்குச் சொந்தம்.

அவருக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. தட்டெழுதிய பத்திரங்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒருவர் உரத்து வாசிக்க, அத்தான் மற்றப் பிரதியில் விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகக் கூடவே வருவார். வாசிப்பவர் தவறினால் தலையை நிமிர்த்தாமலே "ஒரு வரி விட்டிட்டீர்" என்பார். இருபது வருடமாக அதைச் செய்த மனிதர் வீட்டுக்கு வந்ததும் வேறு ஆளாகிவிடுவாரா? கோயில் நோட்டீசில் பிழை பிடிப்பார். பத்திரிகையில் பிழை பிடிப்பார். ஒருமுறை உறவுக்காரரின் கலியாணக் கார்ட்டைச் சிவப்பு மையால் திருத்தி அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அக்கா அந்தக் கலியாணத்துக்கே போகவில்லை. வீட்டுக்கு வந்த கார்ட்டுகளெல்லாம் பிறகு ரயில் பெட்டிகளாயின. வெளியே செம்மண் நிறம், ஜன்னலுக்குள் உற்றுப் பார்த்தால் மணமக்கள் பெயர்.

அவருடைய தகப்பன் ரயில்வேயில் கார்ட், கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டுகிறவர். அதனால் அத்தானுக்குச் சின்ன வயதிலேயே ரயில் பைத்தியம் பிடித்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்கான ரயில் அப்போது சண்டையால் நின்றுபோயிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், செய்கிறதுதான் செய்கிறீர்கள், எங்கள் ஊர் ஸ்டேஷனைச் செய்யலாமே என்பார்கள். "இல்லாததை எப்பிடி அளக்கிறது?" என்று கேட்பார். வெள்ளவத்தை ஸ்டேஷன் இருந்தது. தினமும் காலையில் அவர் ஏறுகிற மேடை அது. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர். வாயால் கேட்ட அனுமதிக்கு வாயாலேயே சரி என்று சொல்லியிருந்தார். அத்தான் வேலை முடிந்து வந்து இறங்கியதும் மேடையைக் காலடியால் எண்ணுவார், நாடாவால் அளப்பார், எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுவார். ஒரு அடிக்கு நாலு மில்லிமீற்றர் என்று கணக்கு. அந்தக் கணக்கில் மேடை மட்டுமே கூடத்தின் நீளத்தைத் தின்றுவிட்டது. கொஞ்சம் சுருக்கினால் என்ன என்று கேட்டேன். சுருக்கினால் அது வெள்ளவத்தை இல்லை என்றார். அதனால்தான் வாசலுக்குக் குறுக்கே பலகை வந்தது, பிறகு அடுத்த ஸ்டேஷனான தெகிவளைப் பக்க வளைவு அவர்களுடைய கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிப் போனது. கடலை மட்டும் அவர் செய்யவில்லை. அலையை அளக்க முடியாதாம். தண்டவாளத்துக்கு அப்பால் வெறும் பலகைதான்.

பின்னேரங்களில் நான் கொப்பியை வாசிப்பேன், அவர் பலகையில் சரிபார்ப்பார். அவருடைய கந்தோர் வேலையை வீட்டிலும் செய்தோம் என்று சொல்லலாம். எனக்கும் அது பிடித்திருந்தது. வெளியே போனால் எந்தச் சந்தியிலும் அடையாள அட்டையை நீட்டவேண்டிய காலம். எங்காவது குண்டு வெடித்தால் அடுத்த நாள் பஸ்ஸில் வாயைத் திறந்து தமிழ் கதைக்கப் பயம். அந்த வீட்டுக்குள் மட்டும் ரயில் நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போனது.

அக்காவுக்குப் பயம் இருந்தது. ஸ்டேஷனை அளக்கிறதும் எழுதுகிறதும் இந்த நாட்களில் வேண்டாம், கழற்றி வையுங்கோ என்று பலமுறை சொன்னா. நானும் சொன்னேன். விளையாட்டுச் சாமான் என்று கண்ணுள்ளவனுக்குத் தெரியும் என்பதுதான் அவருடைய பதில். உள்ளதை உள்ளபடி சொன்னால் ஒன்றும் வராது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் சாய்ந்துகொண்டோம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். பொலிஸார் ஒழுங்கையை இரண்டு முனையிலும் மறித்துவிட்டு வீடு வீடாகச் சோதிக்க வந்தார்கள். அதொன்றும் புதிதல்ல. அடையாள அட்டைகளையும் பொலிஸில் பதிந்த துண்டையும் அக்கா எப்போதும் சாமித்தட்டிலேயே வைத்திருப்பா. எங்கள் வீட்டுக்குள் வந்தவர்களில் பெரியவர் ஓர் இன்ஸ்பெக்டர். சப்பாத்தைக் கழற்றவா என்றுகூடக் கேட்டார். அவர் ஒரு முரடனாக இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பலகையைப் பார்த்ததும் இது நம்முடைய வெள்ளவத்தை ஸ்டேஷன் அல்லவா என்று சிங்களத்தில் கேட்டார். அத்தானுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உடனே சுவிச்சைப் போட்டு ரயிலை ஓடவிட்டார். துவக்கோடு நின்ற இரண்டு பெடியன்களும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதில் ஒருவன் குனிந்து பலகைக்குக் கீழே பார்த்தான். கறுப்பும் சிவப்புமாக வயர்கள். பிறகு கொப்பி அகப்பட்டது. உள்ளே ஸ்டேஷனின் வரைபடம், அளவுகள், ரயில்கள் வருகிற நேரம், நெரிசல் கூடின பெட்டிகள் எவை என்றுகூட ஒரு குறிப்பு. இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கொப்பியை என்னிடம் நீட்டி, "நங்கி, மேக்க கியவன்ன" என்றார், தங்கச்சி இதை வாசி என்று. பதவியுயர்வுக்காகச் சிங்களப் பரீட்சை எழுதித் தேறியிருந்தவள் நான். அந்தப் பயத்திலும் எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. கடைசியாக எழுதிய பக்கத்தை எடுத்து, இன்னும் செய்யவேண்டிய சாமான்களின் பட்டியலைத் தமிழில் வாசித்து வாசித்துச் சிங்களத்தில் சொன்னேன். மேடை விளக்கு ஆறு. சிவப்புத் தீ வாளி நாலு. எடை போடும் தராசு ஒன்று. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தட்டெழுத்துக்காரியின் கண் எப்போதும் ஒரு வரி முன்னே போகும். அந்த வாரம் அவர் புதிதாக எழுதிய பக்கம் அது, நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. அடுத்த வரியில் இப்படி இருந்தது: டெட்டனேட்டர் மூன்று. தண்டவாளத்தின் மேல். பத்து யார்ட் இடைவெளி.

நான் அதைத் தாண்டி, பச்சைக் கொடி ஒன்று, சிவப்புக் கொடி ஒன்று என்று வாசித்தேன்.

சுவரோடு நின்ற அத்தான், "நடுவில ஒரு வரி விட்டிட்டாய்" என்றார்.

யோசித்துச் சொன்னதல்ல. அவருடைய வாயில் அது இருபது வருடமாக இருந்த வசனம். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். கொப்பியை வாங்கி, நான் வாசித்த வரிகளை விரலால் எண்ணிக்கொண்டு வந்து, அந்த வரியில் விரலை வைத்துத் திருப்பி நீட்டினார். வாசித்தேன். சிங்களத்திலும் அந்தச் சொல் அதே சொல்தான்.

அத்தான் விளக்கினார். பத்திரிகைகளில் வருகிற வெடிகுண்டுச் சாமான் அல்ல அது. கடும் மழையில் சிக்னல் தெரியாவிட்டால், அல்லது முன்னால் தண்டவாளத்தில் ஏதாவது ஆபத்து இருந்தால், கார்ட் தண்டவாளத்தின் மேல் கட்டிவிடுகிற சின்னத் தகர டப்பி. சில்லு ஏறினால் பெரிதாகச் சத்தம் போடும், சாரதி பிறேக் போடுவான். ரயிலை நிறுத்திச் சனத்தைக் காப்பாற்றுகிற சாமான். தன்னுடைய தகப்பனின் பெட்டியில் அது எப்போதும் இருந்தது என்றார். நல்ல இலக்கணச் சிங்களத்தில், நிதானமாக, ஒன்றும் விடாமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு அவரிடம் ஒன்றும் சொல்லாமல் என்னிடம் திரும்பினார். அப்படியென்றால் இந்த நங்கி ஏன் அதை வாசிக்காமல் விட்டாள்?

எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் எங்கோ போய்விட்டது. தமிழும்தான்.

அத்தானைக் கூட்டிக்கொண்டு அவர்கள் படியிறங்கும்போது ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வளைவு முடிகிற இடத்தில் முட்டி நின்று சில்லுகள் சும்மா சுழன்றன. படியில் நின்று அக்காவிடம், "சுவிச்சை நிப்பாட்டு, மோட்டர் எரிஞ்சுபோகும்" என்றார். பின்னேரம் திரும்பி வந்து ஸ்டேஷன் இருந்த பலகையையும் எஞ்சினையும் சான்றுப் பொருளாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையிலேயே நான் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினேன். அவர் அலுமாரியைத் திறந்து அந்த டப்பியை எடுத்துக் காட்டினார். சப்பாத்துப் பொலிஷ் டப்பியைவிடச் சின்னது, இரண்டு பக்கமும் ஈயப் பட்டி. இதற்காகவா என்று கேட்டு அந்த மனிதர் கண்கலங்கினார். பொலிஸ் கூப்பிட்டால் வந்து சொல்வேன் என்றார், கூப்பிட்டபோது போகவும் செய்தார். அவரிடம் கேட்டது மூன்று கேள்விகள். இவர் மேடையை அளந்தாரா? ஓம். ரயில் நேரங்களை விசாரித்தாரா? ஓம். எழுத்தில் அனுமதி கொடுத்தீர்களா? இல்லை. டப்பி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லையாம். ஒரு பொய்யும் சொல்லாமல் அவரும் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு வந்தார்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அப்புக்காத்து, அதாவது வழக்கறிஞர், எங்களுக்காகப் பேசினார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நானும் அக்காவும் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போவோம். ஒருநாள் பொலிஸ் அறிக்கையின் பிரதியை வைத்துக்கொண்டு, "முதல் பந்தியே நீங்கள்தான் தங்கச்சி. வீட்டுப் பெண் மறைக்கப் பார்த்தாள் எண்டு எழுதியிருக்கு. மற்ற வரியள் மாதிரி அதையும் வாசிச்சிருந்தால் ஸ்டேஷன் சாமான் எண்டு அந்த இன்ஸ்பெக்டர் கடந்து போயிருப்பான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீரைக் கையில் எடுத்தார். அக்கா பக்கத்தில்தான் இருந்தா. திரும்பி வரும்போது பஸ்ஸில், இரவைக்கு மீன் வாங்குவமோ என்று மட்டும் கேட்டா. ஒரு தடவை என்னை ஏசிவிடட்டும் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். அவ ஏசவில்லை.

அத்தான் பதினாலு மாதம் உள்ளே இருந்தார். பார்க்கப் போனால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, தடுப்புக் கட்டளையில் தன் பெயரை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பார். அதை மட்டும் ஒருவரிடமும் திருத்தச் சொல்லாதீர்கள் என்று அப்புக்காத்து கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். மனுக்கள் எழுதினோம், நானே தட்டெழுதினேன். எந்த மனு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தோம் என்று ஆறுதல் சொல்வார்கள். செய்யக்கூடியதே ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு ஒருநாள் வழக்கும் இல்லை, காரணமும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் வந்தார். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. வாசல் பலகையைத் தூக்க அவர் கஷ்டப்படுவதைக் கண்டு அக்கா அடுத்த நாளே பிணைச்சலைக் கழற்றிவிட்டா. அறைக்குள் மிஞ்சியிருந்த தண்டவாளங்களை அவர் தொடவில்லை, எறியவும் விடவில்லை. கனடாவில் இருந்த அவருடைய தம்பி இரண்டு பேருக்கும் விசா எடுத்து அனுப்பினார்.

பயணத்தன்று காலையில் நான் அத்தானுடைய சேட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தா. அவர் வந்து எதிரே கதிரையில் இருந்தார். "ஏன் அந்த வரியை விட்டனீ?" என்று கேட்டார். கோபமாக அல்ல, கந்தோரில் கேட்கிற குரலில்.

"உங்களைக் காப்பாத்தத்தான் அத்தான்."

"அது தெரியும். அதுக்கு முதல். அந்தச் சொல்லைக் கண்டவுடன என்ன நினைச்சனீ?"

நான் சேட்டின் கையை மடித்தேன், திரும்ப விரித்தேன். அந்தச் சொல்லைக் கண்டவுடன் மேடையை அவர் காலடியால் எண்ணியது, வயர்கள், வரைபடம், நெரிசல் கூடின பெட்டிகள் என்று எழுதியிருந்தது, எல்லாம் ஒன்றாக வந்து என் கண்முன் நின்றன. அவருடைய சோற்றைச் சாப்பிட்டு, அவருடைய கூரைக்குக் கீழே படுத்தவள், ஒரு வரி வாசிக்கிற நேரத்துக்கு, இவரும் குண்டு வைக்கிற ஆளோ என்று நினைத்தேன். அதன் பிறகுதான் காப்பாற்ற நினைத்தேன். பதினாலு மாதமும் அவர் உள்ளே இருந்து யோசித்துக்கொண்டிருந்தது அந்தக் கணத்தைத்தான் என்று அப்போது விளங்கியது.

அவர் அவசரப்படவில்லை. நான் காலரில் இஸ்திரியை வைத்தபடி நின்றேன். கடைசியில், "சரி, காலர் பக்கம் கவனம், கருகப்போகுது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அதற்குப் பிறகு இருபது வருடம் ஞாயிறு தவறாமல் கனடாவிலிருந்து போன் எடுத்தார். வெள்ளவத்தையில் புதிதாக எழும்புகிற மாடிகளைப் பற்றிக் கேட்பார், நான் அனுப்பும் கடிதங்களில் எழுத்துப் பிழை பிடிப்பார். நான் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறேன். சண்டை முடிந்து, யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப ஓடத் தொடங்கியபோது அதில் ஏறி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எங்கே நின்றது என்று எழுதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அந்தக் கேள்வியை மட்டும் அவர் திரும்பக் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, அடுத்த கிழமை சொல்லலாம் என்று வைப்பேன். போன மார்கழியில் ஒரு ஞாயிறு அவருக்குப் பதிலாக அக்கா எடுத்தா. அத்தான் நித்திரையிலேயே போய்விட்டார் என்றா. ஓம், நினைத்தேன் என்று ஒப்புக்கொள்ளவும், இல்லவே இல்லை என்று பொய் சொல்லவும் இனி எனக்கு ஆள் இல்லை.