பம்பு அறை முன்னாலிருந்த பச்சைக் கோடு

குடிநீர் ஏரியில் களை மண்டியதும் குடிநீர் வாரிய அலுவலகம் களை அள்ளும் படகு ஒன்று வாங்கியது. அதை ஓட்டப் போனவர் அதுவரை லாரி ஓட்டியவர். அன்றிலிருந்து தெருவில் அவருக்குக் கப்பல் என்றே பேர். களை எங்கெங்கே இருக்கிறது என்று படகுக்குக் காட்டும் வரைபடத்தைப் போட்டவள் அவர் மனைவி. பல வருஷம் அதே அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். டிரோன் வந்தபோது இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நல்ல பேர் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் மூச்சுவிடவில்லை.

டிரோன் எடுத்த படத்தைக் கணினி பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து, தண்ணீர் என்றால் நீலம், களை என்றால் பச்சை பூசும். முதல் வரைபடம் படகுக்குப் போன அன்று கப்பல் கடுகடுத்த முகத்தோடு வீடு திரும்பினார்.

“எந்தப் புண்ணியவான் போட்ட மேப்போ! அம்மை போட்ட மாதிரி எங்க பார்த்தாலும் பச்சைப் புள்ளி. விழுந்தடிச்சு கிட்ட போனா, களை றெக்கை அடிச்சுப் பறந்துபோகுது!”

“நான்தான் போட்டேன்” என்றாள் அவள், கழுவிய தட்டைக் கவிழ்த்தபடி.

கப்பல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பார்க்க அழகாத்தான் இருந்துச்சு” என்றார்.

மாடியில் குடியிருந்த நாத்தனார் படியிலிருந்தே குரல் கொடுத்தார். “ஆளுக்கொரு பக்கம் ஏரியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. என் வீட்டுக் குழாய்ல காத்துதான் வருது!”

அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் அவளும் படகில் ஏறினாள். ஒவ்வொரு புள்ளியாகப் போய்ப் பார்த்தார்கள். ஒன்று வாத்து. ஒன்று நுரை. பச்சை மூடி ஒன்று மிதந்து போனது. சில இடங்களில் களை நிஜமாகவே இருந்தது, ஆனால் ஒரு கைப்பிடிதான். அதற்காக அத்தனை பெரிய படகைத் திருப்ப வேண்டியிருந்தது. களையை வாரும் படகின் வாயை அவள் நாடா வைத்து அளந்தாள்.

“இதுக்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாததை இனிமே காட்டமாட்டேன்.”

அலுவலகத்தில் அந்த அளவைக் கணினிக்குக் கொடுத்தாள். அதைவிடச் சின்னப் பச்சைத் திட்டுகளை அழித்து, சுற்றியிருக்கும் நீலத்தோடு சேர்த்துவிடச் சொன்னாள். புள்ளிகள் போன இடம் தெரியவில்லை.

“கழுவிவிட்ட மாதிரி இருக்கே!” என்றார் அலுவலகத்தின் இன்ஜினியர் அம்மா.

அந்தச் சந்தோஷம் மதியம் வரைக்கும்தான். ஏரியிலிருந்து கப்பல் போன் செய்தார். “மேப்பு பளிச்சுன்னு இருக்கும்மா. ஆனா பம்பு ரூம் முன்னாடி காத்து ஒதுக்கிவிட்ட களை நீளமா கோடு போட்டுக் கிடக்கு. குழாயை அடைக்கிறதே அதுதான். அதைக் காணோமே?”

அவள் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கோடு சாய்வாக ஓடியது. அதிலிருந்த கட்டங்கள் பல இடங்களில் மூலையோடு மூலை மட்டும் தொட்டுக்கொண்டு, படிக்கட்டுபோல இறங்கின. பக்கம் ஒட்டியிருந்தால்தான் கணினிக்கு உறவு. மூலை தொட்டால் அந்நியம். அதனால் ஒரே கோட்டைத் துண்டு துண்டாக எண்ணி, ஒவ்வொரு துண்டும் சின்னது என்று துடைத்துப் போட்டிருக்கிறது.

அமைப்புகளைத் துழாவினாள். மூலைகளையும் சேர்த்துக்கொள்ள ஒரு தெரிவு இருந்தது. அதை அழுத்திவிட்டுக் கணினியை மறுபடி ஓடவிட்டாள். பம்பு அறை முன்னால் பச்சைக் கோடு முழுசாக எழுந்து வந்தது. வாத்துகள் வரவில்லை.

“வந்துடுச்சு!” என்று அவள் போட்ட சத்தத்தில், பக்கத்து அறையிலிருந்த இன்ஜினியர் அம்மா டீ தம்ளரோடு ஓடிவந்தார்.

அதன்பிறகு படகு அலையவில்லை. கோட்டின் இந்த முனையில் வாயைத் திறந்து அந்த முனையில்தான் மூடியது. கரையில் களை மலைபோலக் குவிந்தது. மூச்சுத் திணறிக்கொண்டிருந்த பம்பு சீராக இரைய ஆரம்பித்தது. வாரக் கடைசியில் மாடியிலிருந்து நாத்தனார் கூவினார்: “பொத்துக்கிட்டு ஊத்துது! குடம் போதல, அண்டா கொண்டாங்க!” தெருவே குழாயடியில் நின்று சிரித்தது.

பக்கத்து ஊர் அலுவலகங்களும் தங்கள் ஏரிப் படங்களை அவளிடம் அனுப்பின. “இந்த வரைபடப் பிரிவுக்கு இனிமே நீங்கதான் பொறுப்பு” என்று இன்ஜினியர் அம்மா எல்லார் முன்னாலும் சொன்னார்.

கடைசித் திட்டையும் அள்ளி முடித்த சாயங்காலம் கப்பல் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கை விட்டு எழுந்தார். “கரை வரைக்கும் நீ ஓட்டு.”

“இடிச்சுட்டா?”

“இடிச்சா என்ன, அலுவலகம் நம்மளதுதானே!”

படித்துறையில் லேசாக இடித்துத்தான் நிறுத்தினாள். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.