இடுப்பைச் சுற்றிய அக்கி

செங்கத்துக்கு மேலே, ஜவ்வாது மலை ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள் சசிகலா. மாசியில் காலையில் சமையல், மத்தியானத்துக்கு மேல் சொந்த மரங்களில் புளி உலுக்கல் என்று மூன்று வாரம் உடம்பைப் போட்டு அடித்துக்கொண்டாள். வலப்பக்க இடுப்பு நெருப்பாக எரிந்தது. மறுநாள் முதுகிலிருந்து வயிறு வரை கொப்புளம்.

"அக்கிதான்" என்றார்கள் எல்லோரும். செங்கத்தில் டாக்டர் அருணாவிடம் காட்டி மாத்திரை வாங்கி வந்தாள்.

கொழுந்தன் பூபாலன் மருந்துச் சீட்டைப் பார்த்து, அதிலிருந்த 'ஹெர்பீஸ்' என்ற வார்த்தையை மட்டும் போனில் தட்டினான். வந்ததைத் தெருவில் போய்ச் சொன்னான். "இது அக்கி இல்ல. தப்பா நடந்தா வர்ற வியாதியாம்."

இரண்டே நாளில், அவள் கையால் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டாமென்று தாய்மார்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். திருப்பூரிலிருந்து புருஷன் சந்திரன் போன் செய்தான். "இன்னா சொல்றாங்க ஊர்ல? நெஜமா?"

"இருபத்தாறு வருசம் கூட வாழ்ந்துட்டு இதைக் கேக்குறியா நீ?" போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள். வலியைவிட அந்தக் கேள்விதான் சுட்டது.

நேராகப் பூபாலன் வூட்டுக்குப் போனாள். "வண்டிய எட்றா. செங்கம் போறோம்."

"எதுக்கு அண்ணி?"

"எட்றா!"

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி குலுங்கும்போதெல்லாம் கொப்புளம் உரசி உயிர் போனது. செங்கத்தில் இறங்கியதும் நேராக உள்ளே போனாள். டாக்டரின் மேஜைமேல் சீட்டை அறைந்தாள். "இது தப்பா நடந்தா வர்ற வியாதின்னு ஊரெல்லாம் சொல்லிட்டான். இவனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா."

அருணா பூபாலனைப் பார்த்தார். "ஜோஸ்டர்னு பக்கத்துலயே எழுதியிருக்கேனே, அதைப் படிக்கலையா? ஹெர்பீஸ்ங்கிறது குடும்பப் பேரு. நீ சொல்றது அதுல வேற ஒண்ணு. இது சின்ன வயசுல அம்மையா வர்ற கிருமி. அம்மை எறங்கினாலும் அது சாகாது, முதுகெலும்பு ஓரமா நரம்பு முடிச்சுல பதுங்கிக்கும். நம்ம ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள் அங்கியே காவல் நிக்கும். நரம்பு செத்தா மறுபடி முளைக்காது. அதனால அந்த அணுக்கள் நரம்பைக் கொல்லாம, கிருமி பெருகறதை மட்டும் அமுக்கி வைக்கும். வயசு ஏறுது, உடம்பும் ஓஞ்சுபோவுது, காவல் தளருது. அப்ப கிருமி பெருகி நரம்பு வழியா தோலுக்கு வரும். இதுல ஒழுக்கம் எங்க வந்துது?"

சசிகலா பூபாலன் பக்கம் திரும்பினாள்.

"நாப்பது வருசமா என் உடம்பு அதை அமுக்கி வச்சிருந்திச்சி. உன் வாய ரெண்டு நாளு அமுக்க முடியல உனுக்கு!" என்றாள்.

"கொப்புளம் காயற வரைக்கும் சமைக்கப் போகாதீங்க," என்றார் அருணா. "அம்மை வராத பிள்ளைங்களுக்கு அம்மை ஒட்டலாம்."

அதை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் முன்னால் பூபாலனை நிறுத்தினாள். "தப்பா சொல்ட்டேன்" என்று முனகினான். "சத்தமா!" என்றாள். மூன்றாம் தடவைதான் எல்லோர் காதிலும் விழுந்தது.

பன்னிரண்டு நாளில் பொருக்கு உதிர்ந்தது. அவள் அடுப்பு மூட்டியபோது யாரும் தடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவுமில்லை. சந்திரன் தினமும் போன் செய்கிறான். அவள் இன்னும் எடுக்கவில்லை.