புகையிலையும் ஊறுகாயும்

கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். பள்ளிக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு எனக்காக மட்டும் அடுப்பு மூட்டத் தோன்றவில்லை. காலையில் டீயும் பன்னும், மதியம் தயிர்சோறும் ஊறுகாயும், மாலையில் ஒரு பொட்டலம் மிக்சர். பிரஷர் மாத்திரை ஒருமுறை தீர்ந்துபோனது. அப்புறம் வாங்கவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது தாடை வலித்தது. இடது தோள் கனத்து, வேர்த்துக் கொட்டியது. வாயு என்று நினைத்து சோடா குடித்தேன். குறையாததால் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சி வரும்வரை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததும் ஹார்ட் அட்டாக் என்றார்கள். பீடியும் குடியும் உள்ள ஆண்களுக்கு வருவது அது என்றே அதுவரை நினைத்திருந்தேன். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் இரண்டு தடவை கேட்டார்.

பக்கத்துக் கட்டிலில் நைனார்பாளையத்துக் கூலிக்கார அம்மா ஒருவர். அவருக்கும் அதே நோய்தான். காட்டு வேலையில் பசி தெரியாமலிருக்க, சின்ன வயசிலிருந்தே புகையிலை போட்டுவந்தவர். அவரைச் சுற்றி எப்போதும் மகள்கள் இருந்தார்கள். எனக்கும் சேர்த்து இட்லி கொண்டுவருவார்கள்.

"நீங்க இன்னா போடுவீங்க டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன். ஊறுகாயையும், விட்டுப்போன மாத்திரையையும், நடையே இல்லாத என் நாட்களையும் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"மாத்திர போட்டியான்னு கேக்க வூட்ல ஆளு இல்ல. அதாங்க."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வீடு திரும்பிய பின் நாங்கள் போனில் பேசிக்கொண்டோம். மாத்திரை போட்டாயிற்றா என்று அவர் கேட்பார். புகையிலையை விட்டாயிற்றா என்று நான் கேட்பேன். "கம்மி பண்ணிக்கினு வரேன்" என்பார். மூன்றாவது மாதம் போனை மகள் எடுத்தாள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போன இடத்தில் அம்மா விழுந்துவிட்டதாகவும், ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாகவும் சொன்னாள். புகையிலையை அவர் விடவே இல்லையாம்.

காரியத்துக்குப் போனேன். கூட்டத்தில் என்னைத் தெரிந்தவர்கள் மகள்கள் மட்டும்தான். அவர்களும் வேலையாக இருந்தார்கள். என்ன உறவு என்று ஒரு பெரியவர் விசாரித்தார். ஆஸ்பத்திரியில் பழக்கம் என்றேன். அவர் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். சாப்பாடு போடும்வரை யாரும் என்னை அதிலிருந்து எழுந்திருக்கச் சொல்லவில்லை.

இப்போது நானே சமைக்கிறேன். உப்பு பாதிதான். மாலையில் பள்ளி மைதானத்தைப் பத்துச் சுற்று நடக்கிறேன். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று வாய்விட்டுச் சொல்கிறேன்.